சிஸ்டம் எடுக்கல

பண்ருட்டிப் பக்கம் ஒரு ரேஷன் கடை. மாதத்தின் இரண்டாவது வாரம், காலை பத்தரை மணி இருக்கும். எனக்கு முன்னால் நின்ற ஆயாவுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வலது கட்டைவிரலை அந்தச் சின்னக் கண்ணாடி மேல் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "தலையில நல்லாத் தேய்ச்சிட்டு வை ஆயா" என்றார் விற்பனையாளர். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை விரலில் ஒட்டினால் ரேகை தெளிவாக விழும் என்று ஒரு கணக்கு. தேய்த்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல் சிவப்பு. இடது கையும் சிவப்பு. முந்திரிக்கொட்டை உடைத்தே காலம் போன கை அது. கொட்டைத் தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். விரல் நுனிகள் கறுத்து, வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தன.

"சிஸ்டம் எடுக்கல ஆயா. நாளைக்கு வா."

"நேத்தும் இதான சொன்ன?"

"நான் என்னா பண்றது? அது எடுத்தாத்தான் பில்லு போட முடியும்."

"அப்ப யாரப் போயிக் கேக்கறது?"

விற்பனையாளர் கையை மேலே காட்டினார். அங்கே ஓட்டுக் கூரையும் ஒட்டடையும் இருந்தன.

"சிஸ்டம் எடுக்கல" என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வங்கியில், தாலுகா ஆபீஸில், இ-சேவை மையத்தில், ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில். இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் வேறு வாக்கியங்கள் இருந்தன. "ஐயா கேம்ப் போயிருக்காரு." "பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடல." அவற்றில் பாதி பொய். ஆனால் அந்தப் பொய்க்குள் ஓர் ஆள் இருந்தார். அவருக்காகக் காத்திருக்கலாம், பஸ் ஸ்டாண்டில் மடக்கலாம், குறைந்தது அவர் பேரைச் சொல்லித் திட்டவாவது செய்யலாம்.

நம் மொழிக்கு இதில் ஒரு கூர்மை உண்டு. உலகத்தையே உயர்திணை, அஃறிணை என்று பிரித்துக்கொண்டுதான் தமிழ் பேசத் தொடங்குகிறது. செய்தது யாரா, எதுவா என்று தீர்மானிக்காமல் படர்க்கையில் பெரும்பாலான வினைமுற்றுகளை முடிக்க முடியாது. சொன்னார், சொன்னது, மறுத்தாள், மறுத்தது. நன்னூல் நரகத்தில் கிடப்பவரைக்கூட உயர்திணையில் சேர்த்திருக்கிறது. தண்டனை அனுபவிப்பவர் செய்ததற்குப் பொறுப்பானவர், ஆகவே அவரும் ஆள்தான் என்பது என் விளக்கம். இலக்கணப் புலவர்கள் சிரிப்பார்கள். "சிஸ்டம் எடுக்கல" என்று சொல்லும்போது விற்பனையாளர் இலக்கணத்தைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறார். மறுத்தது அஃறிணை. ஆயா கேட்டதோ "யாரை" என்று. கேள்வி ஒரு திணையில் இருக்கிறது, பதில் இன்னொரு திணையில் வருகிறது.

இந்தத் திணை மயக்கம் ஒரு நாட்டின் அரசாங்கத்தையும் நீதிமன்றத்தையும் இருபது வருடம் பிடித்து ஆட்டிய கதை பிரிட்டனில் நடந்தது.

அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன அஞ்சலகங்களை நடத்துபவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். மளிகைக் கடை வைத்திருப்பவர். அதன் ஒரு மூலையில் தபால் கவுன்ட்டர். சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். இவர்களில் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் கணிசமாக உண்டு. 1999ல் இந்தக் கடைகளுக்கெல்லாம் ஹொரைசன் என்ற கணக்குக் கணினி வந்தது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குச் சொந்தமான ஐசிஎல் உருவாக்கியது. வந்த கொஞ்ச நாளிலேயே மாலையில் கல்லாவை எண்ணினால் பணம் குறைந்தது. கணினி சொன்ன தொகைக்கும் கையில் இருந்த தொகைக்கும் பொருத்தமில்லை. ஒப்பந்தப்படி பற்றாக்குறையைக் கடைக்காரர்தான் கட்டவேண்டும்.

ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துக் கடைக்காரர் ஜோ ஹாமில்டன். இரண்டாயிரம் பவுண்டு குறைகிறதே என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவர் சொன்ன பொத்தான்களை அழுத்த அழுத்த, கண் முன்னாலேயே பற்றாக்குறை நாலாயிரம் ஆனது. கூப்பிட்டவர்களுக்குக் கிடைத்த வழக்கமான பதில் ஒன்று உண்டு: இப்படிப் புகார் சொல்வது நீங்கள் ஒருவர்தான். நாடு முழுக்க நூற்றுக்கணக்கானோர் அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டு. சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள். வீட்டை அடகு வைத்தார்கள். முடியாமல்போனபோது கணக்கு சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அது பொய்க் கணக்கு எழுதிய குற்றமானது.

பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்துக்கு இதில் ஒரு வசதி இருந்தது. காவல்துறையை நாடாமல் தானே வழக்குத் தொடரலாம். பணத்தை இழந்ததாகச் சொல்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே, கூண்டில் ஏற்றுபவரும் அவரே. 1999க்கும் 2015க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய எழுநூறு பேர் மீது நிறுவனமே வழக்குப் போட்டது. சர்ரே மாவட்டத்தில் கடை நடத்திய சீமா மிஸ்ராவுக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறை. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வயிற்றில் இன்னொரு குழந்தை. சிறையிலிருந்து வெளியே வந்து, மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடுதான் அந்தக் குழந்தையைப் பெற்றார்.

நீதிமன்றங்கள் எப்படி நம்பின? இங்கேதான் சட்டம் வருகிறது. 1984ல் பிரிட்டன் இயற்றிய சட்டத்தில் 69ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கணினி தரும் ஆதாரத்தை ஏற்கவேண்டுமானால் அது சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும். காலப்போக்கில் இது தொல்லையாகப்பட்டது. எல்லா இடத்திலும் கணினி வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் யார் நிரூபித்துக்கொண்டிருப்பது? 1999ல் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டது. அதன்பின் பழைய பொதுச் சட்ட ஊகம் ஒன்று மேலே வந்து உட்கார்ந்தது: எந்திரம் சரியாகத்தான் இயங்கியது என்று எடுத்துக்கொள், இல்லை என்பவர் நிரூபிக்கட்டும். போக்குவரத்து சிக்னல் விளக்கு பற்றிய 1964ஆம் ஆண்டு வழக்கு ஒன்றுதான் இதற்கு அடிக்கடி காட்டப்படும் முன்னுதாரணம். சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரியும் கம்பத்துக்கு எழுதிய விதியை, லட்சக்கணக்கான வரி நிரல் ஓடும் கணினிக்கும் மாட்டிவிட்டார்கள். கிராமத்து மளிகைக் கடைக்காரர், தான் பார்த்தே இராத நிரலில் பிழை இருப்பதை நிரூபிக்கவேண்டும். பிரிவை நீக்கிய சட்டம் வந்த அதே 1999ல்தான் ஹொரைசனும் வந்தது என்பதைப் படித்தபோது, விதிக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிழைகள் இல்லாமலா இருந்தன? ஸ்காட்லாந்தில் ஓர் அஞ்சலகத்தின் பெயரிலேயே காலண்டர் ஸ்கொயர் பிழை என்று ஒன்று இருந்தது; வருடக்கணக்காக இருந்தது. கடைக்காரரைத் தவிர வேறு யாரும் அவர் கணக்கைத் தொட முடியாது என்று நிறுவனம் சாதித்தது. ஃபுஜிட்சு பொறியாளர்களால் தொலைவில் இருந்தபடியே தொட முடிந்தது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் 555 பேரைத் திரட்டி வழக்காடி, 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசரிடம் தீர்ப்புப் பெற்றார். நிறுவனத்தின் வாதம் பூமி தட்டை என்று இன்றைக்கும் சாதிப்பதற்குச் சமம் என்ற பொருளில் நீதிபதி எழுதினார். 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மீதிப் பேரில் பெரும்பாலோரையும் விடுவித்தது. குறைந்தது 13 பேர் இந்த ஹொரைசன் விவகாரத்தின் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையத்தின் 2025 ஜூலை அறிக்கை சொல்கிறது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை ஞாபகம் வரும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுத்த ஆணையை யோசித்துப் பாருங்கள். ஊடலில் இருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில், அவள் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் வந்து சொல்கிறான். அரசன் நின்று விசாரிக்கவில்லை. சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். "இருந்தால், கொல்." இன்றைக்கு ஒரு நிரலாளர் எழுதும் கட்டளையின் வடிவம் இதுவேதான். நிபந்தனை பொருந்தியது, கோவலன் கையில் சிலம்பு இருந்தது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலரில் ஒருவனுக்குத் தோன்றவும் செய்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஆணைக்குள் இடமில்லை. குடித்திருந்த ஒருவன் வாளை வீசினான்.

கண்ணகி சபையில் வந்து கருணை கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம், உடைத்தால் தெரிந்துவிடும். ஆலன் பேட்ஸும் கூட்டாளிகளும் இருபது வருடம் கேட்டது இதைத்தான்: உள்ளே என்ன இருக்கிறது, உடைத்துக் காட்டு. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் பொற்கொல்லனைக் கை காட்டவில்லை, காவலனைக் கை காட்டவில்லை. குற்றம் தன்னுடையது என்றான், அந்த ஆசனத்திலேயே உயிரை விட்டான். பிரிட்டனில் ஆசனத்தில் இருந்தவர்கள் விசாரணை ஆணையத்தின் முன் வரிசையாக வந்து உட்கார்ந்து, தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார்கள்.

போர்க்களத்துக்கு வருகிறேன். அங்கே இதெல்லாம் நொடிக் கணக்கில் நடந்துவிடுகிறது.

1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையை அமெரிக்காவின் பேட்ரியட் எதிர்கொண்டு அழித்திருக்க வேண்டும். அது தேடிய இடத்தில் ஸ்கட் இல்லை. படைவீரர்கள் தங்கியிருந்த கொட்டகை மேல் விழுந்து 28 பேர் செத்தார்கள். காரணம், எந்திரத்தின் கடிகாரம். அது நேரத்தைப் பத்தில் ஒரு நொடி வீதம் எண்ணியது. நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகுமே, அப்படிக் கணினியின் இரும எண்களில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் போகும். 24 இலக்கத்தோடு வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் துளித்துளியாகப் பிசகு சேர்ந்தது. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது மூன்றில் ஒரு நொடியாகிவிட்டது. ஸ்கட்டின் வேகத்துக்கு அது அறுநூறு மீட்டருக்கும் மேல்.

இந்தப் பிசகு தெரிந்தே இருந்தது. இஸ்ரேல் ராணுவம் இரண்டு வாரம் முன்பே எச்சரித்தது. நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி தவறலாம் என்று படைப்பிரிவுகளுக்குச் சுற்றறிக்கையும் போனது. நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை.  எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால்கூடப் போதும். திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி.

இதைச் சொன்னால், எந்திரத்தை நம்பாதே, மனிதனை நம்பு என்று முடிவுகட்டத் தோன்றும். நானும் கொஞ்ச காலம் அப்படி நினைத்திருந்தேன். வின்சென்ஸ் கதை அந்த நினைப்பைக் கலைத்தது.

1988 ஜூலை 3, பாரசீக வளைகுடா. யுஎஸ்எஸ் வின்சென்ஸ் அன்றைக்கு உலகத்திலேயே மேம்பட்ட ஏஜிஸ் கருவித் தொகுதியைச் சுமந்த போர்க்கப்பல். காலையில் ஈரானின் சிறு படகுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்கு ஈரான் ஏர் 655 கிளம்பியது. ஏர்பஸ் விமானம், பயணிகள், சிப்பந்திகள் எல்லாம் சேர்த்து 290 பேர், அவர்களில் 66 பேர் குழந்தைகள். கப்பலின் இருட்டு அறையில் திரைகளின் முன்னால் இருந்தவர்கள் அதை எஃப்-14 போர் விமானம் என்றார்கள். கீழே இறங்கி நம்மை நோக்கி வருகிறது என்று ஒருவர் கத்தினார். கப்பல் தலைவர் வில் ரோஜர்ஸ் ஏவுகணைகளுக்கு அனுமதி கொடுத்தார். யாரும் பிழைக்கவில்லை.

பிறகு ஏஜிஸ் பதிவு நாடாவைப் போட்டுப் பார்த்தார்கள். எந்திரம் சரியாகவே சொல்லியிருந்தது. விமானம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. சிவிலியன் அடையாளக் குறியைத்தான் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்ட எண்ணை, மனதில் ஏற்கெனவே இருந்த பயம் திருத்தி வாசித்துவிட்டது. அருகில் சைட்ஸ் என்ற இன்னொரு கப்பல் இருந்தது. அதன் தலைவர் டேவிட் கார்ல்சன், இந்த விமானத்தால் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆனாலும் மறுபடி சரிபாருங்கள் என்று தான் வற்புறுத்தவில்லை என்பதை மறுவருடம் அவரே எழுதினார். எனக்கு இந்த இடம்தான் நெஞ்சில் நிற்கிறது. அறிவும் இருந்தது, எந்திரமும் இருந்தது, வானொலியும் கையில் இருந்தது.

விசாரணை நடந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. வின்சென்ஸை நடத்திய பணிக்காலத்துக்காக 1990ல் ரோஜர்ஸுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1996ல் ஆறு கோடி டாலருக்கு மேல் கொடுத்த அமெரிக்கா, சட்டப்படியான பொறுப்பை ஏற்கவில்லை.

ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவை நிறையப் பேருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டியதும் மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு பதுங்கறையில் எச்சரிக்கைத் திரை சிவந்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை, பிறகு இன்னும் நாலு. பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் பெட்ரோவ், போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை விடமாட்டான், தரை ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். உயர மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தீச்சுவாலை என்று எண்ணிவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. விசாரிக்க வந்த மேலதிகாரிகள் பெட்ரோவிடம் கேட்ட கேள்வி: பதிவேட்டை ஏன் நிரப்பவில்லை? ஒரு கையில் டெலிபோன், இன்னொரு கையில் இன்டர்காம், எழுத மூன்றாவது கை ஏது என்றார் அவர். கண்டனம்தான் கிடைத்தது.

எந்திரத்துக்கு "இல்லை" என்று சொல்லி உலகத்தைக் காத்தவருக்குக் கண்டனம். எந்திரம் சொன்னதைத் தப்பாக வாசித்து 290 பேரைக் கொன்ற கப்பலின் தலைவருக்குப் பதக்கம். இரண்டு எதிரெதிர் அரசாங்கங்கள், எடைக்கல் ஒன்றே. சந்தேகப்பட்டு நின்றவனுக்கு அலுவலகத்தில் என்றைக்கும் சங்கடம்தான், ஓட்டத்தோடு போனவனுக்கு எங்கேயும் குறையில்லை.

தானே குறி தேர்ந்து தானே சுடும் ஆயுதங்களைப் பற்றி இப்போது உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இது குறித்துக் கவலை தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 152, எதிர்ப்பு 4. எதிர்த்த நாலில் இந்தியா ஒன்று; ஜெனீவாவில் வேறொரு உடன்படிக்கையின் கீழ் நடக்கும் பேச்சிலேயே இதைத் தீர்க்கலாம் என்பது நம் அரசின் நிலை. எதிர்ப்பாளர்கள், ஆதரவாளர்கள் இரு தரப்பிலும் பலர் ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறார்கள்: கடைசிப் பொத்தானில் ஒரு மனிதக் கை இருக்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. வின்சென்ஸில் கை இருந்தது. கோவலன் மேல் இறங்கிய வாளிலும் ஒரு கை இருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் குற்றப்பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கை இருந்தால் போதாது. அந்தக் கைக்கு உரியவருக்கு யோசிக்க நேரம் இருக்கவேண்டும், பெட்டியைத் திறந்து பார்க்க அதிகாரம் இருக்கவேண்டும், மாட்டேன் என்றால் வேலை போகாது என்ற நிச்சயம் இருக்கவேண்டும். மறுக்க முடியாதவரிடம் பொறுப்பைக் கொடுக்கவே முடியாது, பழியைத்தான் கொடுக்க முடியும். உயர்திணை என்பது உடம்பைப் பற்றிய விஷயம் இல்லை என்று எனக்கு இப்போது படுகிறது. மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர் உயர்திணை. அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டு எத்தனை பேரை எந்திரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தாலும், அறை முழுக்க அஃறிணைதான்.

அப்படிப் பார்த்தால் நம் ரேஷன் கடை விற்பனையாளர் மேல் எனக்கு இருந்த கோபம் குறைகிறது. கணினி காட்டும் இருப்புக்கும் மூட்டையில் இருக்கும் அரிசிக்கும் வித்தியாசம் வந்தால் அபராதம் அவர் தலையில் விடியும். சப்-போஸ்ட்மாஸ்டரின் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. பில் இல்லாமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வரும் பறக்கும் படையிடம், ஆயாவின் விரல் தேய்ந்துபோயிருந்தது சார் என்றா சொல்வார்?

சட்டம் இங்கே ஊமையாகவும் இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெட்ரோவின் இரவுக்குச் சரியாக 35 வருடம் கழித்து. நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், மானியங்களுக்கு ஆதார் செல்லும் என்றது. விரல் ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக்கூடாது, அடையாளத்தை வேறு வழியில் உறுதிசெய்யவேண்டும் என்பதையும் அதே பெரும்பான்மை சேர்த்தே சொன்னது. சாட்சியச் சட்டத்திலும் நாம் பிரிட்டனுக்கு எதிர்த் திசையில் போனோம். கணினி ஆதாரத்தோடு பொறுப்பான ஒருவரின் சான்றிதழ் வேண்டும் என்று 2000ல் 65பி பிரிவைச் சேர்த்தோம். அதன் மூல வடிவம், 1968ல் இங்கிலாந்து எழுதி, பிற்பாடு அவர்களே கைவிட்ட ஒரு பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் நிபுணரின் கையெழுத்தையும் சேர்த்துக் கேட்கிறது. அச்சடித்த படிவத்தில் இயந்திரம்போல் போடப்படும் கையெழுத்தாக அது ஆகிவிடும் ஆபத்து உண்டு. நம் ஊர் நடைமுறை நமக்குத் தெரியாததா. இருந்தாலும் ஒரு பெயர் இருக்கிறது. கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய ஓர் ஆள் இருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கேள்வி கேட்கும் சட்டமாக மட்டுமே நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அதன் 4(1)(டி) பிரிவு, ஓர் அரசு அலுவலகம் தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்படுபவருக்குத் தரவேண்டும் என்கிறது. மனுப் போட்டாலும் போடாவிட்டாலும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது உங்களிடம் சிஸ்டம் எடுக்கல என்றால், சண்டை போடாதீர்கள். உட்கார்ந்து, நிதானமாக, "அதை எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். தேதி, பெயர், பதவி, கையெழுத்தோடு. எழுதும்போது வினைமுற்று மாறியாகவேண்டும்; எடுக்கவில்லை என்பது மறுக்கிறேன் என்று ஆகவேண்டும். பேனாவை எடுத்தவுடன் பல பேருக்கு மாற்று வழி ஞாபகம் வந்துவிடும். அந்த வழி அவர்களுக்கும் தேவைப்படுகிறது. யாராவது கேட்டால்தான் மேலே போய்ச் சொல்ல அவர்களுக்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.

அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு இது தோன்றவில்லை. ஆயா பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்து நின்றது நான். கட்டைவிரலை வைத்தேன். முதல் தடவையிலேயே எடுத்தது.